காகாசனத்தில் நான்காவது மூச்சு

கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால். மாடிப்படியின் உச்சியில், கக்கத்தில் சுருட்டிய பாயோடு பதினாறு பேர் வரிசைகட்டி நிற்க, யோகா மாஸ்டர் சாவியைத் திருப்பிவிட்டுக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பூட்டு திறந்தாகிவிட்டது. கதவுதான் அசைவேனா என்றது.

"மழை ஈரம். மரம் ஊதியிருக்கு," என்றார் மாஸ்டர்.

"ஒரே கைல உடம்பைத் தூக்குறீங்க மாஸ்டர், ஒரு கதவைத் தள்ள முடியலையா? நகருங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் நாத்தனார். தோளால் ஒரே இடி. கதவு தரையைப் பிராண்டிக்கொண்டே உள்ளே போனது. சொந்தமாக டயர் கடை நடத்துகிறவள் அவள். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டுகிற தோள். கதவெல்லாம் அவளுக்குக் காலை டிபன் மாதிரி.

"உள்ள வாங்க அண்ணி. உங்களுக்காகத்தான் உடைச்சேன்!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை.

அண்ணிக்கும் உறைக்கவில்லை. அவள் கவலை முழுக்க அவள் கையில் இருந்தது. நிஜமாகவே கையில்.

அவள் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பவள். பதினோரு வருஷமாக மனிதர்களின் நெஞ்சில் ஒயரை ஒட்டி, அவர்கள் இதயம் தாளில் போடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், "வீட்டுக்கு எப்ப விடுவாங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கோடு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேராகிவிட்டது. அன்று ராத்திரி சோறு பிசையும்போது பார்த்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது. நரம்பு டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க கைல ஒரு கோளாறும் இல்லைங்க. நீங்கதான் அதை நம்பமாட்டேங்கறீங்க."

நம்பிக்கையை எந்த மருந்துக் கடையில் வாங்குவது? சூப்பர்வைசரம்மாவும் கறாராகச் சொல்லிவிட்டாள். மாசக் கடைசிவரைக்கும் டைம். அதற்குள் கை அடங்காவிட்டால் ஃபைல் ரூம். இன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

"கையாலயே நிக்கக் கத்துக்கங்க அண்ணி. கை தானா வழிக்கு வரும்," என்று சொல்லி இழுத்துவந்தவள்தான் நாத்தனார். வந்து பதினோரு வாரம். மற்றவர்கள் கால்களைத் தரையிலிருந்து எடுத்து, வெறும் உள்ளங்கைகளில் காக்காய் மாதிரி உட்கார்ந்து காட்டிவிட்டார்கள். நாத்தனார் அதையும் தாண்டி, இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்துச் சாய்ந்து நிற்கிற வித்தைக்குப் போய்விட்டாள். வகுப்பில் பாக்கி இரண்டே பேர். பேங்க்காரர் ஒருவர். இன்னொன்று இவள்.

கையை ஊன்றினாலே உடம்பு முழுக்க உதறும். அதனால் வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்திருந்தது: சைலன்ட் மோடு. சத்தமே வராது, அதிர்வு மட்டும் வரும்.

பெயர் வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டியைக் கிண்டல் செய்ய நாத்தனாரை விட்டால் வேறு யார்?

*

அந்தக் கூடம் ஒரு காலத்தில் துணி கோடவுன். நீளமான ஹால், தரை முழுக்கத் தடிமனான ரப்பர் விரிப்பு. வாசலருகே ஒரு மரப்பெட்டி. வகுப்புக்கு வருகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மூலையில் பெரிய ஸ்பீக்கர். அதிலிருந்து கடல் அலைச் சத்தம். மனசு அடங்குவதற்காம். மாஸ்டர் வைக்கிற சத்தத்தில் மனசு என்ன, பக்கத்துத் தெருவே அடங்கிவிடும்.

கீழே இருந்த கடை மூன்று வாரமாக மூடிக்கிடந்தது. பெரிதாக்குகிறார்களாம். வாசல் முழுக்க நீலத் தார்ப்பாய். வார நாட்களில் டிரில்லர் சத்தம் காதைப் பிளக்கும். இன்று ஞாயிறு, வேலை இல்லை. படியேறும்போதே பார்த்திருந்தாள். தார்ப்பாய் இடுக்கில் தெரிந்த ஷட்டரில் தேங்காய் சைஸுக்கு ஒரு பூட்டு தொங்கியது. அப்பாடா, இன்றைக்காவது தரை அதிராது என்று நினைத்துக்கொண்டுதான் மேலே வந்தாள்.

மாஸ்டர் கைதட்டினார். "காகாசனம். குந்தி உட்காருங்க. உள்ளங்கையைத் தோள் அகலத்துக்கு ஊன்றுங்க. விரலெல்லாம் விரியணும். முழங்காலை மேல்கைல சாயுங்க. எடையை முன்னால தள்ளுங்க. பார்வை ஒரு முழம் முன்னாடி. கீழ பாத்தா கீழதான் விழுவீங்க!"

அவள் கையை ஊன்றினாள். எடையை முன்னால் தள்ளினாள். உடனே உள்ளங்கையில் தொடங்கி மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று நடுக்கம் ஏறியது. வழக்கத்தைவிட அதிகம்.

"நடுங்குதா? நடுங்கட்டும்!" என்று மாஸ்டர் நடந்துகொண்டே கத்தினார். "நடுக்கம் வந்தா தசை முழிக்குதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க. வாடா கண்ணான்னு கூப்பிடுங்க!"

பக்கத்துப் பாயில் சாய்ந்து நின்றிருந்த நாத்தனார் பொத்தென்று காலைக் கீழே வைத்தாள்.

"என்ன அண்ணி இது, இன்னைக்கு எனக்கும் நடுங்குது? உங்ககிட்டயிருந்து தொத்திக்கிச்சா?"

"வாயை மூடிக்கிட்டு உன் பாயைப் பாரு."

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு கூச்சல். பேங்க்காரர் எழும்பிவிட்டார்! கவுன்ட்டருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வளர்த்த தொந்தியும் தானுமாக, இரண்டு கால்களும் தரையை விட்டு ஒரு சாண் மேலே. மாஸ்டர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மூச்சு. ஐந்து முடிந்தால்தான் கணக்கு.

"பூகம்பம்!" என்று கத்தினார் மாஸ்டர்.

அது அந்த வகுப்பின் சம்பிரதாயம். யாராவது முதன்முறையாகக் கையில் நின்றுவிட்டால், எல்லோரும் அவரை நெருக்கமாகச் சூழ்ந்துகொண்டு, ஒரே நேரத்தில் ஓங்கித் தரையை மிதிக்க வேண்டும். மூன்று மிதி. கட்டடமே அதிர வேண்டும்.

தொம்! தொம்! தொம்!

பேங்க்காரர் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். "என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பேர் சந்தோஷப்படலைங்க," என்று மூக்கை உறிஞ்சினார்.

எல்லோரும் பாய்க்குத் திரும்பினார்கள். அவளும் கையை ஊன்றினாள்.

நடுக்கம் இல்லை.

நம்பமுடியாமல் இன்னும் கொஞ்சம் எடையைச் சாய்த்தாள். இல்லை. உள்ளங்கைக்குக் கீழே தரை கல் மாதிரி கிடந்தது. நாலு மாதத்தில் முதல்முறை! அழுகை வரும்போலிருந்தது. மாஸ்டரைக் கூப்பிடலாமா என்று அவள் தலையைத் தூக்கிய நொடியில் திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட இரண்டு மடங்கு வேகமாக. படபடவென்று, தறிகெட்டு.

அவள் பல்லைக் கடித்தாள். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கை.

*

"கடைசி ரவுண்டு. நம்ம வகுப்புல இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி," என்றார் மாஸ்டர். "அம்மா, நடுவுல வாங்க."

ஹாலின் நட்டநடுவில் அவள் பாயைப் போட்டார்கள். மூக்கு அடிபடாமலிருக்க முன்னால் ஒரு தலையணை. சுற்றிலும் பதினைந்து ஜோடிக் கண்கள். யாரோ வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று சாய்ந்து, மெதுவாக உருண்டு வந்து அவள் பாயோரம் நின்றது. எடுத்து நிமிர்த்திவைத்தாள்.

"சைலன்ட் மோடு, இன்னைக்கு ரிங் ஆயிடணும்!" என்று நாத்தனார் கத்தினாள்.

கை ஊன்றினாள். முழங்காலை மேல்கையில் வைத்தாள். நடுக்கம் உள்ளங்கையில் முட்டியது. வாடா கண்ணா, என்றாள் மனசுக்குள். வந்து தொலை. நீயும் இருந்துக்கோ, நானும் இருந்துக்கிறேன். எடையை முன்னால் தள்ளினாள், இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு விரற்கடை...

வலது கால் எழும்பியது. பின்னாலேயே இடது கால்.

உடம்பு முழுக்க இரண்டு உள்ளங்கைகளில் உட்கார்ந்திருந்தது.

"ஒன்று!" என்றார் மாஸ்டர்.

அவள் பார்வை ஒரு முழம் முன்னால். கண்ணின் ஓரத்தில் அவளுடைய இரண்டு முழங்கைகளும் தெரிந்தன. அசையவே இல்லை. தோள் அசையவில்லை. தொடை அசையவில்லை. இரும்பில் வார்த்த மாதிரி நின்றாள்.

"இரண்டு!"

ஆனால் உள்ளங்கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இது எப்படி? முழங்கை நிற்கிறது, தோள் நிற்கிறது, கடைசி நுனி மட்டும் எப்படி நடுங்கும்? அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே படித்த பாடம் மண்டைக்குள் பளிச்சென்று அடித்தது. தாளில் கோடு நடுங்கினால் முதலில் ஆளைப் பார்க்காதே. கட்டிலைப் பார். யாராவது கட்டிலை இடித்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணை மட்டும் நகர்த்தினாள். நிமிர்த்திவைத்த பாட்டிலில் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

நடுங்குவது அவள் இல்லை. தரை.

"மூன்று!"

பதினோரு வருஷமாகத் துடிப்பு படித்த புத்தி தானாகவே எண்ணத் தொடங்கியது. நாலு தட்டல். கொஞ்சம் இடைவெளி. நாலு தட்டல். இடைவெளி. மூன்று தட்டல், நான்காவது வரவில்லை. இடைவெளி நீண்டது. அப்புறம் இரண்டு. மிகவும் லேசாக.

டிரில்லர் இப்படி அடிக்காது. மோட்டாருக்குக் களைப்புத் தெரியாது. இது களைத்துப்போகிறது.

இது ஒரு கை.

பூட்டிய கடைக்குள்ளிருந்து, அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, ஒரு மனிதன் கூரையைத் தட்டிக்கொண்டிருக்கிறான்!

பூட்டிய கடை. பிராண்டிய கதவு. நடுவுக்கு உருண்டுவந்த பாட்டில். மூன்று வாரமாகக் கீழே எதையோ இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக எல்லாம் வந்து உட்கார்ந்தன. கூடம் நடுவில் தொய்ந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவன் தட்டுகிறான்.

"நான்கு!"

கண்ணோரத்தில் கால்கள் நெருங்கி வந்தன. பதினாறு ஜோடிக் கால்கள் அவளைச் சுற்றி வட்டம் போட்டன. நட்டநடுவில். இன்னும் ஒரே ஒரு மூச்சு. ஐந்து என்று மாஸ்டர் சொன்ன மறுநொடி பூகம்பம்.

பேங்க்காரர் இப்போதே ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

அவள் வேண்டுமென்றே தலையைக் கீழே தொங்கவிட்டாள். பொத்தென்று முகம் தலையணையில் போய் விழுந்தது.

"அய்யய்யோ!" என்று எல்லோர் வாயிலிருந்தும் ஒரே பெருமூச்சு. "நாலு! நாலே நாலு!"

"யாரும் மிதிக்காதீங்க!" அவள் எழுந்து உட்கார்ந்து கத்தினாள். "தரை நடுங்குது! கீழ யாரோ தட்றாங்க!"

ஹாலே குலுங்கிச் சிரித்தது.

"தரை நடுங்குதா, நீங்களா?" என்றார் பேங்க்காரர்.

"விழுந்ததுக்குத் தரை மேல பழி. பாவம் அது வாயில்லாப் பூச்சி," என்றாள் நாத்தனார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு.

அண்ணி பாய்ந்துபோய் ஸ்பீக்கரை அணைத்தாள். அலைச் சத்தம் பட்டென்று நின்றது. "இப்ப கேளுங்க!"

எல்லோரும் கேட்டார்கள். ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. கீழே இருந்தவன் நிறுத்தியிருந்தான்.

மாஸ்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். திரும்பவும் ஸ்பீக்கரைப் போட்டார். "அம்மா, உட்காருங்க. மனசுல பயம் இருந்தா இப்படித்தான் தோணும்."

அவள் மனசுக்குள் ஒரு பல்லி உச்சுக்கொட்டியது. ஒருவேளை அவர் சொல்வதுதான் நிஜமோ? நாலு மாதமாக நடுங்குகிற கை. டாக்டராலேயே நிறுத்த முடியாத கை. அது சொன்னதை நம்பி இத்தனை பேர் முன்னால் கத்திவிட்டோமோ?

கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பத்து விரலும் வரைந்துவைத்த மாதிரி நின்றன.

"நாலு மூச்சும் பெரிய விஷயம்தானே," என்று பேங்க்காரர் பெருந்தன்மையோடு சொன்னார். "அழுவுறாங்க பாருங்க. பரவாயில்ல, மிதிச்சிடலாம். ரெடி? ஒன்... டூ..."

பதினாறு கால்கள் மேலே எழும்பின.

"நெஞ்சு வலிக்குது!"

அவள் மார்பைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டாள். எழும்பிய கால்கள் அந்தரத்தில் நின்றன. பதினோரு வருஷத்தில் ஆயிரம் பேரிடம் பார்த்த முகம் அது. அப்படியே தன் முகத்தில் எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

"அண்ணி!"

"காலை மெதுவா வைங்க... சத்தம் ஆகாது எனக்கு." ஆஸ்பத்திரிக் குரலில் பேசினாள். அந்தக் குரலுக்கு எம்.எல்.ஏ.கூடச் சட்டையைக் கழற்றியிருக்கிறார். "கூட்டம் கூடினா மூச்சு முட்டும். எல்லாரும் வெளிய போங்க. ஒவ்வொருத்தரா. சுவரோரமா, மெதுவா. தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க, அப்பதான் ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்கும். ஓடாதீங்க, ஓடினா அதிர்ச்சி ஆகும்."

ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தரை நடுங்குகிறது என்றால் சிரிக்கிற கூட்டம், நெஞ்சு வலி என்றால் பூனை மாதிரி நடக்கிறது. கதவு திரும்பவும் இறுகியிருந்தது. மாஸ்டரும் பேங்க்காரரும் சேர்ந்து இழுக்க, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி விட்டது. மாஸ்டர் செல்போன் பெட்டியை இடுக்கிக்கொண்டு கடைசியாக நழுவினார்.

நாத்தனார் மட்டும் போகவில்லை. முகம் வெளுத்துப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, என்னைப் பாருங்க. அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இடது கை வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"என்னது?"

"பொய். கையைக் கீழ வை."

நாத்தனாரின் முகத்தில் பயம் போய்க் கோபம் ஏறியது. "பொய்யா? நெஞ்சு வலில விளையாடுவாங்களா? உங்களுக்கு அறிவிருக்கா அண்ணி? எனக்கு உசிரே..."

அவள் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தினாள்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு அலை வந்து போனது. இன்னொரு அலை.

தட்.

ஒன்றே ஒன்று. வாய் பேச முடியாதவன் கடைசியாகக் கூப்பிட்ட மாதிரி.

நாத்தனாரின் கண்கள் விரிந்தன. "அண்ணி... வெளிய பூட்டுல்ல போட்டிருக்கு?"

*

படியை எப்படி இறங்கினார்கள் என்று இரண்டு பேருக்கும் அப்புறம் நினைவில்லை. நாத்தனார் தெருவைக் குறுக்கே கடந்து தன் வேனிலிருந்து டயர் நெம்புகிற ஒரு முழ நீள இரும்பு லிவரோடு ஓடிவந்தாள். அதற்குள் அண்ணி தார்ப்பாயை விலக்கி ஷட்டரில் வாயை வைத்துக் கத்தினாள். "உள்ள யாரு?"

"அம்மா..." என்றது ஒரு ஆண் குரல், கரகரத்து. "சீக்கிரம்மா. வளைஞ்சிருச்சு. வளையுது இன்னும்."

பூட்டின் வளையத்துக்குள் லிவரைச் செருகி நாத்தனார் முழு உடம்பையும் அதன்மேல் போட்டாள். முதல் முறுக்கில் நகரவில்லை. இரண்டாவதில் பூட்டு தெறித்து விழுந்தது. ஷட்டரைத் தூக்கினாள். முழங்கால் உயரம் வந்து நின்றுவிட்டது. மேலேயுள்ள உத்தரம் இறங்கி அதைக் கவ்விப்பிடித்திருந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். "ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்மா! நீங்க ஏன் நிக்கறீங்க?" என்று மாஸ்டர் பதறினார்.

"தூக்குங்க!" என்றாள் அவள். "உள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டாரு. கேள்வி அப்புறம்!"

மாஸ்டர் ஒரு நொடி ஷட்டரைப் பார்த்தார். தன் மாடியைப் பார்த்தார். புரிந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் ஷட்டரின் அடியில் கொடுத்தார். பேங்க்காரர் கொடுத்தார். நாத்தனார், அவள், இன்னும் நாலு பேர். பதினோரு வாரம் தரையை அழுத்திப் பழகிய கைகள் எட்டு ஜோடி. தகரம் முனகிக்கொண்டு இன்னும் ஒரு சாண் எழும்பியது.

உள்ளே அவள் பார்த்தாள். கடையின் நட்டநடுவில் தூண் இருந்த இடத்தில் தூண் இல்லை. தரையில் அதன் குட்டையான அடி மட்டும். அதற்குப் பதில் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தவை இரண்டு இரும்பு ஜாக்கிகள். ஒன்று நேராக நின்றது. மற்றது மண்டி போடப்போகிற ஆள் மாதிரி முழங்காலில் மடிந்துகொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா," என்றாள் நாத்தனார். "லாரி தூக்குற ஜாக்கிய வெச்சு மாடியைத் தூக்கியிருக்காங்க அண்ணி!"

தூசியில் தோய்ந்த ஒரு மனிதன் வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தான். கையில் ஒரு சவுக்குக் கம்பு. அதை விடவே இல்லை. நாத்தனார் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் தெருவைத் தாண்டி ஓடினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது கட்டடம் எப்போதும்போல நின்றது. மாடி ஜன்னல் வழியாக அலைச் சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஒரு அலை. இன்னொரு அலை.

அலைச் சத்தம் நின்றது.

பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. மாடியின் நடுப்பாகம் அப்படியே கீழே உட்கார்ந்தது. ஷட்டர் வாயிலிருந்து தூசி பீறிட்டுத் தெருவை நிறைத்தது. தூசி அடங்கியபோது, கடைக்குள், உடைந்த தளத்தின் மேல், வண்ண வண்ணமாகப் பாய்கள் கிடந்தன. நடுவில் ஒரு தலையணை.

மாஸ்டர் செல்போன் பெட்டியை மார்போடு அணைத்தபடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோர் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. நாத்தனாரின் கை, லாரிச் சக்கரம் தூக்கும் கை, இலை மாதிரி உதறியது.

அவள் அந்த மனிதனின் பக்கத்தில் மண்டி போட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பு கிடைத்தது. வேகமாக, ஆனால் ஒழுங்காக. அவள் விரல்கள் அதன்மேல் அசையாமல் நின்றன. அதைக் கவனிக்கக்கூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"யாருங்க நீங்க?" என்றாள்.

"வாட்ச்மேன்மா." அவன் இருமினான். "சாமான் போயிடும்னு மேஸ்திரி ராத்திரி என்னையும் சேத்துப் பூட்டிட்டுப் போவாரு. கரண்டு இல்ல, போன் செத்துப்போச்சு. காலைல ஜாக்கி கிறீச்சுன்னு கத்த ஆரம்பிச்சது. நானும் கத்தினேன். மேல கடல் சத்தம், உங்களுக்குக் கேக்கல. அதான் கம்பால கூரையைத் தட்டினேன். கை ஓயற வரைக்கும் தட்டினேன்."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றாள் அவள் மெதுவாக. "லேட்டாத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

அவன் ஆச்சரியமாக அவளைப் பார்த்தான்.

"லேட்டா? அதெப்படிம்மா? நான் தட்ட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நீங்க பதில் தட்டினீங்களே? எல்லாரும் சேந்து, மூணு தடவை, ஓங்கி. அப்பாடா, கேட்டுடுச்சு, வந்துடுவாங்கன்னு கம்பைக் கீழ வெச்சுட்டு உட்கார்ந்துட்டேன்." அவன் கண் இடிந்த கடைப் பக்கம் போனது. "அப்புறம் திரும்பிப் பாத்தா... கத்தினாலும் நேரா நின்னுக்கிட்டிருந்த ஜாக்கிம்மா அது. அந்த மூணு தட்டுலதான் வளைஞ்சிருந்துச்சு."

நாத்தனாரின் கையிலிருந்து லிவர் நழுவித் தெருவில் விழுந்தது.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேங்க்காரர் மட்டும் சுவரில் கையை ஊன்றி, தரையில் வைக்கப் பயந்தவராக, ஒரு காலை லேசாகத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.